எந்த நாளிலிருந்து எண்ணினாய்?

நான் ஆசிரியையாக இருந்தபோது பத்தாம் வகுப்பில் ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். முந்தைய ஆண்டு தேர்வுக்கு முன் நான் நடத்திய சிறப்பு வகுப்பைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்புக்கு வந்த இருபது பேரில் பத்தொன்பது பேர் தேறினார்கள். வராதவர்களில் பாதிப் பேர் தேறவில்லை. கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

"டீச்சர், ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சில பேரு பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுட்டாங்களே, அவங்களை எந்தப் பக்கம் எழுதினீங்க?"

"வராதவங்க பக்கம்தான். வேற எங்க எழுதுறது?"

"அவங்க வந்திருக்கவே முடியாதே டீச்சர்."

"உட்காரு," என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவள் பிறகு என்ன ஆனாள் என்று தெரியாது. கேள்வி மட்டும் என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்று, வீட்டுக்கே வந்துவிட்டது. கீழே உள்ளவை எனக்கும் என் தம்பிக்கும் நடுவில் ஆறு மாதம் போய்வந்த கடிதங்கள். அவன் வேறொரு ஊரில், பெரிய மருத்துவமனை ஒன்றின் பதிவேட்டுப் பிரிவில் புள்ளிவிவரம் பார்ப்பவன். கடிதங்களில் 'மாமா' என்று வருவது என் கணவர். அவன் சம்மதத்தோடுதான் கொடுக்கிறேன்.

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை உன் மாமாவுக்குத்தான். எங்கள் வீட்டு மாடிக்குப் பதினாறு படி. போன வருடம்வரை ஒரே மூச்சில் ஏறுவார். இப்போது ஏழாவது படியில் நின்று, சுவரில் இருக்கும் பல்லியை ஆராய்வதுபோல் நடிக்கிறார். பல்லி இல்லாத நாளிலும் ஆராய்ச்சி நடக்கிறது.

இதய வால்வு சுருங்கிவிட்டதாம். இங்கே இருக்கும் டாக்டர், "ஆபரேஷன் பண்ணலாம், மாத்திரையிலயும் ஓட்டலாம். நீங்கதாம்மா முடிவு பண்ணணும்" என்கிறார். நாங்களே முடிவு பண்ணுவதற்கு அவர் எதற்கு?

செய்வதாக இருந்தால் உன் மருத்துவமனையில்தான். ஜூன் கடைசிக்குள் சொன்னால் தேதி தருவார்களாம். பத்து வருடப் பதிவுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறாய். எது செய்துகொண்டவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்று எண்ணிச் சொல். போன் வேண்டாம், எண்கள் காதில் நிற்பதில்லை, காகிதத்தில் நிற்கும். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

என் முழங்கால் மழைக்கும் வலிக்கும், வெயிலுக்கும் வலிக்கும், இரண்டும் இல்லாத நாளில் சும்மா வலிக்கும். மாமாவின் கட்டிலைக் கீழே போட்டுவிடு.

எண்ணிவிட்டேன். எங்களிடம் ஒரு நோயாளிக்கு ஓர் அட்டை. ஆபரேஷன் நடந்தவர்களின் அட்டைகள் பச்சை இழுப்பறையில், மாத்திரையோடு இருந்தவர்களின் அட்டைகள் சாம்பல் நிற இழுப்பறையில். மாமாவுக்கு இருக்கும் இதே நோய்க்குப் பச்சையில் 200 பேர். இரண்டு வருடம் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 170. சாம்பலில் 300 பேர். உயிரோடு இருந்தவர்கள் 180. நூற்றுக்கு எண்பத்தைந்து ஒரு பக்கம், அறுபது மறுபக்கம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

எங்கள் பெரிய டாக்டர் இந்தக் கணக்கை ஜூலையில் ஒரு மாநாட்டில் வாசிக்கப்போகிறார். மாமாவைத் தைரியமாக அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

இருமல் வந்தது, போய்விட்டது, கவலைப்படாதே. எண்பத்தைந்து என்றதும் உன் மாமா முகம் தெளிந்தது. நான்தான் கடிதத்தை மடிக்காமல் திரும்பவும் படித்தேன். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வித்தியாசம் என்றால், எங்கள் டாக்டர் ஏன் மென்று விழுங்க வேண்டும்?

எங்கள் பள்ளியில் 'அ' பிரிவு எப்போதும் முந்தும். அதன் ஆசிரியர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பொறுக்கி அங்கே போட்டதே தலைமையாசிரியர்தான் என்பது பள்ளி மணி அடிப்பவருக்குக்கூடத் தெரியும். உன் பச்சை இழுப்பறையும் 'அ' பிரிவு இல்லை என்று எப்படி நம்புவது? கத்தியைத் தாங்குவார்கள் என்று தோன்றியவர்களைத்தானே கத்திக்கு அனுப்பியிருப்பார்கள்?

ஒத்தவர்களை ஒத்தவர்களோடு வைத்துப் பார். இன்னொன்று: எந்த நாளிலிருந்து எண்ணினாய்? மறக்காமல் எழுது.

அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இருமலை அலட்சியம் செய்யாதே. நீ கேட்டது நியாயம். வயது, மூச்சு வாங்கும் அளவு, சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் பார்த்து, ஒருவரை ஆபரேஷனுக்கு அனுப்ப எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் போட்டேன். பிறகு பச்சையிலிருந்து ஒருவர், அதே மதிப்பெண்ணோடு சாம்பலிலிருந்து ஒருவர் என்று ஜோடி சேர்த்தேன். 140 ஜோடி அமைந்தது. ஜோடி கிடைக்காதவர்களை விட்டுவிட்டேன். மூன்று வாரம் இதே வேலை. கல்யாணத் தரகர்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்.

பச்சையில் பிழைத்தவர்கள் 118, சாம்பலில் 92. நூற்றுக்கு எண்பத்துநான்கும் அறுபத்தாறும். இடைவெளி குறைந்தது, ஆனால் மறையவில்லை. இனியாவது நம்பு. மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுமார். நீ போட்ட ஜோடி முறை நல்ல முறை. ஆனால் அட்டையில் எழுதியதை வைத்துத்தான் ஜோடி சேர்க்க முடியும். எழுதாததை என்ன செய்வாய்? சரி, அது போகட்டும்.

ஒரு மாணவன் ஐந்து கேள்விக்கு நான்கு விடை அழகாக எழுதி, ஐந்தாவதை விட்டுவிட்டான் என்றால், நான் அந்த ஐந்தாவதைத்தான் பார்ப்பேன். நாற்பது வருடப் பழக்கம். எந்த நாளிலிருந்து எண்ணினாய் என்று கேட்டிருந்தேன். கடிதத்தை மூன்று முறை படித்தேன், பின்பக்கமும் பார்த்தேன். இல்லை. மறந்தாயா, தவிர்த்தாயா?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உன் கடிதங்களின் உறைமேல் எப்போதும் என் முகவரி தட்டச்சு செய்து ஒட்டியிருக்கும். இந்த முறை கையால் எழுதியிருக்கிறாய். ஏன்?

அக்கா

*(இதற்குப் பதில் வரவில்லை. ஐந்து வாரம் தபால்காரர் வரும் நேரத்துக்கெல்லாம் வாசலில் எனக்கு ஏதாவது வேலை இருந்தது.)*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

நலமாகத்தான் இருக்கிறாயாம். உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நீ வெளியே போயிருந்தாய். உன் பக்கத்து மேசைக்காரர் எடுத்தார். "சாருக்கு என்னம்மா, ஜம்முனு இருக்காரு! பெரிய டாக்டரோட ரிப்போர்ட்டுல சார் பேரும் வருதே, உங்களுக்குத் தெரியாதா? ஸ்வீட் எங்கன்னு நாங்க தினமும் கேக்குறோம், அசையமாட்டேங்குறாரு."

எனக்குத் தெரியாது. நீ எழுதவில்லை.

இப்போது கேட்கிறேன். ஆபரேஷன்தான் நல்லது என்று வந்தால் யாருக்கு நல்லது? உன் மாமா நேற்று ஐந்தாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உன் எண்ணை நம்பித்தான் அந்த மனிதர் நெஞ்சைத் திறந்து காட்டப்போகிறார். அது உன் பெயர் அச்சில் வருவதற்காகப் போட்ட எண் என்றால் இப்போதே சொல்லிவிடு.

அக்கா

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். மாமா எப்படி இருக்கிறார்?

பச்சைக்கு ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து எண்ணினேன். சாம்பலுக்கு, இந்த நோய் என்று தெரிந்து சிகிச்சை முடிவான நாளிலிருந்து. தேதி கொடுத்து, அந்தத் தேதி வருவதற்குள் இறந்தவர்கள் சாம்பலில் இருக்கிறார்கள். அவர்கள் சாப்பிட்டது மாத்திரை மட்டும்தானே? நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே இங்கே இதுதான் வழக்கம். கத்தி படாதவர் பச்சைக்குப் போகமாட்டார். இதில் என்ன தப்பு?

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மாத்திரை ஜெயித்திருந்தால் இத்தனை கேள்வி கேட்டிருப்பாயா? முதல் கடிதத்தோடு வாயை மூடிக்கொண்டிருப்பாய். என் பெயர் அச்சில் வரக்கூடாது என்று பெரிய டாக்டரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். அதையும் போன் செய்து விசாரித்துக்கொள்.

தம்பி

மே 5

அன்புள்ள தம்பிக்கு,

நெஞ்சில் உறைக்கும்படி எழுதியிருந்தாய். உறைத்தது. நான்கு நாள் பதில் எழுத முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, வெட்கம்தான்.

நீ சொன்னது உண்மை. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே நான் பேச்சை மாற்றுகிறேன். மாத்திரைக்கு எண்பத்தைந்து வந்திருந்தால், "என் தம்பி கணக்கில் புலி" என்று தெருவெல்லாம் சொல்லியிருப்பேன். பிடிக்காத விடைக்கு மட்டும் கேள்வி கேட்பதும் ஏமாற்றுதான். அதனால் பெயரைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

எந்த நாளிலிருந்து என்று கேட்டதைத் திரும்பப் பெறமாட்டேன். சிறப்பு வகுப்புக்கு முன்பே பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளை 'வராதவர்கள்' பக்கம் எழுதியவள் நான். அதனால் என் சிறப்பு வகுப்பு மந்திர வகுப்பாகத் தெரிந்தது. அந்த வகுப்புக்குள் வந்தவர்கள் எல்லோரும் அதுவரை தாக்குப்பிடித்தவர்கள், அதனால்தான் வந்தார்கள். உன் பச்சை இழுப்பறையும் அப்படித்தான். ஆபரேஷன் மேசைவரை உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே உள்ளே போகிறார்கள். வழியில் விழுந்தவர்களின் சாவெல்லாம் மாத்திரையின் தலையில் விழுகிறது. எத்தனை ஜோடி சேர்த்தாலும் இது தீராது. தராசு சரியாக இருந்து என்ன, மூட்டை மாறிப்போயிருக்கிறதே.

ஒன்று செய்வோம். விடையைப் பார்ப்பதற்கு முன்பே முறையைத் தீர்மானிப்போம். யாரை எந்தப் பக்கம் எண்ணுவது, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை, எதையெல்லாம் வைத்து ஜோடி சேர்ப்பது என்று நீ ஒரு தாளில் எழுது. நான் எழுதிய தாள் இதோடு ஒட்டிய உறையில் இருக்கிறது; உன்னுடையதை எழுதி முடித்த பிறகுதான் பிரிக்க வேண்டும். அதுவரை இழுப்பறையைத் தொடாதே. பிறகு எந்த எண் வந்தாலும் நான் வாய் திறக்கமாட்டேன். உன் மாமாவிடமும் சொல்லிவிட்டேன். "இந்த வீட்டுல நீ வாய் திறக்காம இருக்கப்போறியா? அதைப் பாக்குறதுக்காவது நான் ரெண்டு வருஷம் இருக்கணும்" என்றார்.

அக்கா

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் பேச்சைப் படித்து ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

என் தாளை எழுதிவிட்டுத்தான் உன் உறையைப் பிரித்தேன். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. சிகிச்சை முடிவான நாளிலிருந்து இரண்டு வருடம். அன்று யாருக்கு எது என்று முடிவானதோ அதே பக்கம், பிறகு என்ன நடந்திருந்தாலும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பதையும் ஜோடி சேர்க்க எழுதியிருந்தாய். அது எங்கள் அட்டையில் இல்லை; விட்டுவிட வேண்டியதுதான். அந்த ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

நாளை இழுப்பறையைத் திறக்கிறேன். ஓர் அட்டையை எடுக்கும்போது நீ பக்கத்தில் நின்றால் தேவலை என்று தோன்றுகிறது. ஏன் என்று இப்போது கேட்காதே.

தம்பி

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்து படி. மாமாவுக்குப் பிறகு படித்துக்காட்டு.

தேதி கிடைத்தும் ஆபரேஷனுக்கு முன் இறந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களைப் பச்சைக்கு மாற்றினேன். முடிவான நாளிலிருந்து எண்ணியபோது இரண்டு வருடமும் முன்னதாகவே முடிந்துவிடுவதால், பச்சையில் பிழைத்தவர்கள் இரண்டு பேர் கூடினார்கள். இப்போது பச்சையில் 241 பேரில் 172. சாம்பலில் 259 பேரில் 180. நூற்றுக்கு எழுபத்தொன்று, அறுபத்தொன்பது. மறுபடி ஜோடி சேர்த்துப் பார்த்ததில் மாத்திரை ஒரு புள்ளி மேலே நிற்கிறது. எதுவும் ஜெயிக்கவில்லை, எதுவும் தோற்கவில்லை. எண்பத்தைந்தும் இல்லை, அறுபதும் இல்லை.

அந்த நாற்பத்தொன்றில் இருபத்தேழாவது அட்டை என் மனைவியுடையது.

அவளுக்குத் தேதியே கிடைக்கவில்லை என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். கிடைத்தது. அலுவலகத்தில் பதிவேட்டுத் தணிக்கை வருகிறது, இரண்டு மாதம் தள்ளிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியது நான். "உங்க தணிக்கை முடியட்டும், நான் எங்கயும் ஓடிப்போயிடமாட்டேன்" என்று சொன்னாள். முதலில் குறித்த தேதி தாண்டி ஐந்தாவது வாரம் போய்விட்டாள். அட்டையில் 'மாத்திரை' என்று எழுதிச் சாம்பலில் போட்டேன். வழக்கம் அதுதானே. மூன்று வருடமாக அந்த இழுப்பறை எனக்கு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது: மாத்திரை சரியில்லை, உன்மேல் தப்பில்லை. எந்த நாளிலிருந்து என்று நீ முதலில் கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் பதில் எழுதவில்லை.

முகவரிச் சீட்டுகளைப் பற்றிக் கேட்டாயே. உன் முகவரியை நூறு சீட்டில் அவள்தான் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். ஜனவரிக் கடிதத்தோடு தீர்ந்துவிட்டது.

புதுக் கணக்கைப் பெரிய டாக்டர் மேசைமேல் வைத்தேன். "இது இத்தனை நாளா உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "நாற்பத்தொரு பேரு வரிசையில நின்னு செத்திருக்காங்க. நான் அதை என் வெற்றின்னு வாசிக்க இருந்தேனே" என்றார். மாநாட்டில் வாசிக்கப்போவதில்லை என்று எழுதிவிட்டார்.

அக்கா, நான் தள்ளிப்போடாமல் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? உனக்குத்தான் கணக்கு நன்றாக வரும். சொல்.

தம்பி

ஜூன் 18

என் அன்புத் தம்பிக்கு,

கடிதத்தை அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து படித்தேன்.

நீ கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை. இருப்பதுபோல் நடிக்கவும் மாட்டேன். 241 பேரைப் பற்றிக் கேட்டால் கணக்கு வாய் திறக்கும். ஒருத்தியைப் பற்றிக் கேட்டால் திறக்காது. குறித்த நாளில் நடந்திருந்தால் பிழைத்திருக்கலாம். மேசையிலேயே போயிருக்கவும் கூடும். 'உன் தப்பு' என்று அந்தச் சாம்பல் இழுப்பறையாலும் சொல்ல முடியாது, 'உன் தப்பில்லை' என்றும் சொல்ல முடியாது. மூன்று வருடம் அதனிடம் கேட்டுக்கொண்டிருந்ததற்கு என்னிடம் வந்து அழுதிருக்கலாம். அவளை எனக்கும் பிடிக்கும்டா. உன்னைச் சந்தேகப்பட்டேன், சரி. ஆனால் பெயராசை என்று நினைத்தேன், நீ மறைத்தது இதை.

உன் மாமாவிடம் முழுவதையும் படித்துக்காட்டினேன். உன் மனைவியைப் பற்றி நீ எழுதிய இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "ரெண்டும் ஒண்ணுதானா? அப்ப எனக்குப் பிடிச்சதை நான் எடுத்துக்கலாம்ல?" என்றார்.

"எது பிடிக்கும்?"

"மாத்திரை. கட்டிலைக் கீழ போடு. பல்லியைப் பாக்குற வேலை இனிமே உனக்கு."

இந்த ஐந்து மாதத்தில் அவரிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உன் எண்ணோடு சண்டை போடுவதிலேயே இருந்துவிட்டேன்.

கட்டிலை இறக்க ஆள் வேண்டும். முழங்காலோடு வந்து சேர். முகவரி உனக்குத்தான் தெரியுமே.

அக்கா

கடிதங்கள் இத்தனைதான். என் கணவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஒருவரை வைத்து மாத்திரை நல்லது என்றோ கெட்டது என்றோ முடிவு கட்டிவிடுவீர்கள். ஆறு மாதம் நானும் தம்பியும் பட்ட பாடு வீணாகும்.

அதற்குப் பதில் ஒன்று செய்து பாருங்கள். அடுத்த முறை யாராவது, இதைச் செய்தவர்கள் அதைச் செய்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள் என்று எண் காட்டினால், ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, தொடங்குவதற்கு முன்பே விழுந்துவிட்டவர்களைக் கோட்டின் எந்தப் பக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.